கருணையின் அளவுகோல்

விலங்கியல் படித்த காலத்தில் ஆய்வுக்கூடத்தில் தவளை அறுக்கணும். குளத்தங்கரையில் அவற்றைப் பிடித்துக் கொடுத்தது எங்க தெருப் பையன்கள். பக்கத்து மேசைக்காரன் கத்தியைத் தொடவில்லை. "பாவம் சார், எங்க வீட்டுல பழக்கமில்ல" என்றான். ஆசிரியர் அவன் தவளையையும் என் தட்டில் வைத்தார். "உனக்கென்னப்பா, உங்களுக்கெல்லாம் பழக்கந்தானே." வகுப்பே சிரித்தது. அவன் கருணையுள்ளவன் ஆனான். நான் இரண்டு தவளை அறுத்தேன்.

அண்மையில் தூத்துக்குடியில் ஒரு வாசிப்புக் கூட்டம். ஆய்வுக்கூட எலிகளைப் பற்றி ஒரு மாணவி பேசினார். "மனுஷனுக்கே நாதியில்ல, எலிக்கு என்ன தோழர்?" என்றார் நம்மவர் ஒருவர். சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: இது அந்த வகுப்பறைச் சிரிப்பேதான். இந்தக் கட்டுரை என் சிரிப்புக்கும் எதிரானது.

இந்தக் கடற்கரைக்கு ஒரு பழைய ஆய்வாளர் உண்டு. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி 1890இல் நூல் வெளியிட்டார். சிப்பியையும் பாரையும் விவரித்த அதே மனிதர் பிறகு பறையர், பள்ளர், பார்ப்பனர் என்று சாதி சாதியாக நிறுத்தி மண்டையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் அது ஏழு தொகுதிகளாக வந்தது. இன்றும் நம் ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அளக்கப்பட்டவனிடம் 'அளக்கலாமா' என்று கேட்ட பதிவைத் தேடுகிறவர் யார்? சிப்பிக்கும் நமக்கும் ஒரே மேசை போடப்பட்டது. இதை அவமானமாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். அந்த மேசையில் கூடவே கிடந்த உயிரை நாம் திரும்பிப் பார்த்ததே இல்லை.

சலாபக் காலத்தில் குளியாளி கல்லைக் காலில் மாட்டி மூச்சடக்கி இறங்கினான். சிப்பிகள் கரையில் குவிந்து அழுகின. முத்து வேறெங்கோ போனது. 1973இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் கே. அழகர்சாமி குழுவினர் செயற்கை முறையில் முத்து விளைவித்தார்கள். மென்தால் போட்டுச் சிப்பியை மயக்குவார்கள். இன்னொரு சிப்பியைக் கொன்று அதன் மேலுறையில் ஒரு துண்டெடுத்து, ஓட்டு மணியோடு இதனுள் வைப்பார்கள். மனித நுரையீரலைப் பணயம் வைக்காத வழி இது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி மனிதரல்லாத எந்த உயிரும் விலங்குதான். சிப்பியும்தான். நம் ஊர்க் கருணைப் பேச்சில் நாய் வரும், குரங்கு வரும், பசு கட்டாயம் வரும். சிப்பி வராது. கருணைக்குள்ளும் வருணம் இருக்கிறது. பசு மேலே; மாட்டுக்கறி தின்பவன் கீழே. மாட்டிறைச்சியும் தீண்டாமையும் எப்படிப் பிணைந்தன என்று 1948இலேயே எழுதிவிட்டார் அம்பேத்கர்.

1998 விதிகளுக்குப் பின் விலங்கு ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். 2014இல் அழகுசாதனப் பொருட்களை விலங்குகள்மேல் சோதிக்கத் தடை வந்தது. நல்லது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. ஊசி போடப்பட்டவர்களில் பழங்குடிச் சிறுமிகள் ஏராளம். அடுத்த ஆண்டு ஆய்வு நிறுத்தப்பட்டது. பெற்றோர் போடவேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்ததை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கண்டித்தது.

"பாத்தீங்களா, எலிக்கு இருக்கிற காவல்கூட நம்ம புள்ளைக்கு இல்ல" என்று இங்கே முடித்துவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி இது: வேண்டாம் என்று சொல்ல முடியாத உயிர் எலி. சொல்லவிடப்படாத உயிர் அந்தச் சிறுமி. இரண்டு பேருக்கும் வேறு யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்து யாருடையது, எவருக்காக என்று கேட்பதுதான் நம் அரசியல். எலியை இறக்கிவிட்டு நாம் ஏறிக்கொள்வதற்குப் பெயர் விடுதலை இல்லை. அந்த ஏணியே நம்மை மிதிக்கச் செய்தது.

மருந்து வேண்டும், ஆய்வும் வேண்டும். கத்தியே கூடாதென்று நான் சொல்லவில்லை. தன் கையில் ரத்தம் படாமல் கருணையுள்ளவனாக நின்றவனைக் கேள்வி கேட்கிறேன். அவன் பங்கையும் அறுத்துவிட்டு, தட்டில் கிடந்த தவளையை ஒருமுறைகூட நினைக்காத என்னையும் கேட்கிறேன்.

அந்த மாணவியிடம் அடுத்த கூட்டத்தில் சொல்லணும்: நீ பேசு தாயி, நாங்க கேக்குறோம்.