கீல் மன்னிக்கும் பிழை, மன்னிக்காத பிழை

மாடுலர் கிச்சன் கப்போர்டின் கதவைத் திறந்து உள்பக்கம் பார்த்தால், ஓரத்தை ஒட்டி வட்டமான உலோகக் கிண்ணம் ஒன்று பலகைக்குள் புதைந்திருக்கும். கடையில் ஆட்டோ ஹிஞ்ச் என்று கேட்டு வாங்கும் கீல் இதுதான். சிறிய கண்ணாடிக் கதவுகளுக்கு 26 மி.மீ., மிகத் தடித்த கதவுகளுக்கு 40 மி.மீ. கிண்ணங்கள் உண்டு. மற்றபடி எந்த நிறுவனத்தின் கீலானாலும் வழக்கமான கப்போர்டுக்குக் கிண்ணத்தின் விட்டம் 35 மி.மீ.தான். அளவு ஒன்றே என்பதால், அந்தத் துளையைப் போட உதவும் ஜிக்குகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. பிளாஸ்டிக்கில் ஒன்று, அலுமினியத்தில் ஒன்று, பெட்டி நிறைய உதிரிகளோடு இன்னொன்று என ஆன்லைன் கடையில் அணிவகுக்கும்போது, விலையையும் உதிரிகளின் எண்ணிக்கையையும் பார்த்தே முடிவெடுக்கிறோம். ஆனால் எந்த ஜிக் நல்லது என்பதற்கான விடை கீலில்தான் இருக்கிறது. பொருத்திய பிறகு திருத்திக்கொள்ளக் கீல் எந்தப் பிழைக்கு இடம் தருகிறது, எதற்குத் தரவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இடம் தராத பிழையைத் தடுக்கும் ஜிக்கே காசு கொடுத்து வாங்கத் தக்கது.

இந்தக் கீலின் பெரிய வசதி, கதவை மாட்டிய பின்னும் ஸ்க்ரூடிரைவரால் மூன்று திசைகளில் நகர்த்தலாம் என்பது. நல்ல கீல்களில் பக்கவாட்டில் இருபுறமும் 2 மி.மீ., மேலும் கீழும் 2 மி.மீ., முன்னும் பின்னும் ஏறக்குறைய அதே அளவு நகர்த்த முடியும். துளை போடுபவருக்கு இது பெரிய சலுகை. கதவின் ஓரத்திலிருந்து துளையின் விளிம்பு வரையுள்ள இடைவெளியைப் பெரும்பாலும் 3 முதல் 6 மி.மீ.க்குள் வைக்கச் சொல்வார்கள். இந்த இடைவெளி 1 மி.மீ. கூடினால், கதவு கப்போர்டின் பக்கப்பலகைமேல் 1 மி.மீ. கூடுதலாக ஏறி மூடும். குறைந்தால் அதே அளவு விலகி நிற்கும். 5 மி.மீ. வைக்க நினைத்தது 5.5 ஆகிப்போனால் ஸ்க்ரூவைச் சில சுற்றுத் திருப்பிச் சரிக்கட்டிவிடலாம். துளை கதவின் உயரவாட்டில் அரை மில்லி மேலேயோ கீழேயோ போனாலும் அப்படித்தான். ஓரக்கணக்கில் நேரும் சிறு பிழையைக் கீலே விழுங்கிக்கொள்கிறது.

ஆழத்துக்கு இந்தச் சலுகை இல்லை. கிண்ணம் உட்கார 11 முதல் 13 மி.மீ. வரை ஆழம் வேண்டும். 18 மி.மீ. பலகையில் 13 மி.மீ. குடைந்தால் மிச்சம் 5 மி.மீ.; 16 மி.மீ. பலகையில் வெறும் 3. டிரில் பிட்டின் நடுவில் இருக்கும் கூர்முனை துளையின் அடித்தளத்தைவிட ஓரிரு மில்லி முன்னே போகிறது என்பதையும் கணக்கில் சேர்த்தால், கதவின் முகப்பு ஆபத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று புரியும். கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் முகப்பு லேமினேட்டில் பரு போல ஒரு புடைப்பு. இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஓட்டை. அதை எந்த ஸ்க்ரூவும் சரிசெய்யாது. கதவையே மாற்ற வேண்டும். ஆழம் குறைந்தால் இழப்பு சிறியது. கிண்ணத்தின் விளிம்பு பலகையோடு படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும்; ஸ்க்ரூவை அழுத்தி முடுக்கினால் சாய்வாக உட்காரும். மறுபடி குடையலாம்தான். ஆனால் முதல் துளையின் நடுப்புள்ளி அழிந்திருக்கும், பிட் எங்கே பிடிக்கும் என்பது அதன் விருப்பம்.

ஆழத்தோடு பிறந்த இன்னொரு பிழை சாய்வு. டிரில் மெஷினைக் கையால் பிடிக்கும்போது ஒரு டிகிரி, இரண்டு டிகிரி சாய்வது கண்ணுக்கே தெரியாது. ஆனால் 35 மி.மீ. அகலத் துளையில் ஒரு டிகிரி சாய்வு என்றால், ஒரு விளிம்புக்கும் எதிர் விளிம்புக்கும் ஆழ வித்தியாசம் 0.6 மி.மீ. இரண்டு டிகிரி என்றால் 1.2 மி.மீ.க்கும் மேல். மெல்லிய பிட்டில் பொருட்படுத்தத் தேவையில்லாத சாய்வு, அகன்ற பிட்டில் கிண்ணத்தை ஆட வைக்கப் போதுமானது. முன்னே சொன்ன மிச்சத் தடிமனிலும் அது பங்கு கேட்கும். ஆழமும் சாய்வும் கீல் மன்னிக்காத பிழைகள். பெட்டியில் எத்தனை உதிரி இருந்தாலும், ஜிக்கை எடைபோட வேண்டியது முதலில் இந்த இரண்டிலும்தான்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுகின்றன. பிட்டின் தண்டைப் பிடித்து நேராக ஓட்டும் புஷ் எவ்வளவு நீளம்? அதில் தண்டு ஆடுகிறதா? ஜிக்கின் அடிப்பாகம் பலகைமேல் அகலமாகப் படிகிறதா? கிளாம்ப் போட்டு இறுக்க இடம் இருக்கிறதா? ஆழத்தை நிறுத்தும் தடை வளையம் ஒற்றைச் சிறு ஸ்க்ரூவில் வழுவழுப்பான தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, நழுவாதபடி அமைந்திருக்கிறதா? தூள் வெளியேற வழி இருக்கிறதா? ஜிக்குக்கு அடியில் தூள் சேர்ந்தால் அது பலகையிலிருந்து எழும்பி நிற்கும், அந்த அளவுக்குத் துளை ஆழம் குறையும். உலோகம்தான் உறுதி, பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் என்ற எண்ணத்தையும் இங்கே விட்டுவிடலாம். தச்சு ஜிக்குகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான க்ரெக்கின் ஹிஞ்ச் ஜிக்கின் உடல் கெட்டியான பிளாஸ்டிக்தான். கூடவே 35 மி.மீ. பிட்டும் வருகிறது, ஓர இடைவெளியைப் படிப்படியாக மாற்றவும் முடியும். வீட்டு வேலைக்கு அது தாங்கும். பிட்டின் தண்டு ஆடுகிற அலுமினிய ஜிக்கைவிட, ஆடாத பிளாஸ்டிக் ஜிக் மேல். உலோகத்தின் பலன் தேய்மானத்தில் தெரியும்: நூற்றுக்கணக்கான துளைகள் போடுபவருக்கு எஃகு புஷ் பொருத்திய ஜிக் வேண்டும்.

ஓர இடைவெளியைக் கீல் மன்னிக்கிறது என்றால், அதற்கான தடுப்பை ஜிக்கில் பார்க்கவே வேண்டாமா என்று கேட்கலாம். பார்க்க வேண்டும், ஆனால் இரண்டாவதாக. மன்னிப்புக்கும் அளவு உண்டு. இன்று 2 மி.மீ. முழுவதையும் துளைப் பிழைக்குச் செலவழித்துவிட்டால், நாளை கதவு தொய்யும்போது திருப்ப மிச்சம் இருக்காது. அருகருகே பல கதவுகள் நிற்கும் கிச்சனில், ஒவ்வொன்றிலும் இடைவெளி வேறுபட்டால் எல்லாவற்றையும் நேர்ப்படுத்துவதே தனி வேலையாகிவிடும். அதனால் ஓரத்தில் இரண்டு இடங்களில், போதிய தூரம் தள்ளி முட்டி நிற்கும் தடுப்பு நல்லது. 3, 4, 5 என்று ‘டக்’கென்று விழுந்து நிற்கும் அமைப்பு, அளவு பார்த்துத் தளர்த்தி முடுக்குவதைவிட மேல். இதில் ஜிக்கின் கையில் இல்லாத ஒன்றும் உண்டு. கதவின் ஓரத்தை மூடும் 2 மி.மீ. எட்ஜ் பேண்டை ஒட்டும் முன் துளை போட்டுவிட்டு, பிறகு ஒட்டினால், 4 மி.மீ. வைத்தது 6 ஆகிவிடும். எவ்வளவு துல்லியமான ஜிக்கும் தான் முட்டி நிற்கும் ஓரத்தைத்தான் நம்புகிறது.

மூன்றாவது இடம் ஸ்க்ரூ துளைகளுக்கு. விளம்பரங்கள் முதலில் காட்டுவது இதைத்தான். கிண்ணத்தின் இருபுறமும் வரும் ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: ஆஸ்திரிய நிறுவனமான ப்ளூமில் 45 மி.மீ., ஜெர்மன் நிறுவனமான ஹெட்டிச்சில் 52, விலை குறைந்த பல கீல்களில் 48. எல்லா அளவுக்கும் வழிகாட்டித் துளை வைத்த ஜிக் அறிவாளியாகத் தெரிகிறது. ஆனால் கிண்ணம் துளையில் சரியாக உட்கார்ந்துவிட்டால், ஸ்க்ரூவுக்குச் சிறந்த வழிகாட்டி அந்தக் கீலேதான். மூலமட்டத்தை ஓரத்தில் வைத்து, கீலின் கை ஓரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து, அதன் ஓட்டைகள் வழியாகவே குறித்துவிடலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஸ்க்ரூ இல்லாமல், இரண்டு 8 மி.மீ. துளைகளில் செருகிப் பிடிக்கும் கீல்களுக்குத் துளைகளின் இடமே பிடிப்பு. அங்கே கையால் குறித்தால் ஆகாது. அதற்குத்தான் ப்ளூமின் ஈகோடிரில் போன்ற கருவி: சாதாரண கார்ட்லெஸ் டிரில்லை மாட்டினால், 35 மி.மீ. துளையையும் இரண்டு 8 மி.மீ. துளைகளையும் ஒரே இறக்கத்தில் போடும். அது முழுமையான கருவிதான், ஆனால் ஒரு நிறுவனத்தின் துளை அமைப்புக்குக் கட்டுப்பட்டது. ஒரே வகைக் கீலைத் தொடர்ந்து பொருத்துபவருக்கு லாபம். வாடிக்கையாளர் வாங்கித் தரும் கீலை மாட்டுபவருக்கு முடக்கிய பணம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘பழகின கைக்கு ஜிக் எதற்கு?’ என்று ஒரு தச்சர் சிரிக்கலாம். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. பென்சில் கோடும் கூர்மையான பிட்டும் கொண்டு அழகாக வேலை முடிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு கிச்சனில் 20 கதவுகள், கதவுக்கு இரண்டு கீல் என்றால் 40 துளைகள். அத்தனையிலும் கை ஒரே மாதிரி நிற்க வேண்டும். பிட் மழுங்க மழுங்க அழுத்தமும் கூடும், கையும் சாயும். பிளைவுட்டின் பசையும் லேமினேட்டும் சாதாரண எஃகு பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடுவதால், கார்பைடு முனையும் குட்டையான கூர்முனையும் உள்ள ஹிஞ்ச் பிட்டுக்குக் கொடுக்கும் பணம் ஜிக்குக்குக் கொடுப்பதற்குச் சமமான முதலீடு. டிரில் பிரஸ் இருந்தால் ஜிக்கே வேண்டாம் என்பது இரண்டாவது வாதம். பட்டறைக்குச் சரி. ஆனால் 7 அடி அலமாரிக் கதவை அந்தச் சின்ன மேடையில் தாங்கிப் பிடிப்பதும், வேலை நடக்கும் வீட்டுக்கு டிரில் பிரஸ்ஸைத் தூக்கிப்போவதும் நடக்கிற காரியமல்ல. தொழிற்சாலையிலேயே துளை போட்டு வாங்கிவிட்டால்? புதுக் கிச்சனுக்கு அதுதான் நல்ல வழி. பழைய கப்போர்டுக்கு ஒரு கதவு மாற்றும்போது அந்த வழி அடைபட்டிருக்கும்.

ஆக, வீட்டில் ஒரு கிச்சனோ ஒரு அலமாரியோ செய்பவர், கிளாம்ப் இறுக்க வசதியும் நழுவாத ஆழத் தடையும் உள்ள எளிய ஜிக் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல பிட்டில் போடலாம். தினமும் இதே தொழிலானவர் எஃகு புஷ்ஷுக்கும், ஒரே நிறுவனக் கீல் என்றால் மூன்று துளைக் கருவிக்கும் செலவழிக்கலாம். இருவருக்கும் சோதனை ஒன்றே. ஜிக் கைக்கு வந்ததும், கதவுக்கு எடுத்த அதே தடிமனில் ஒரு துண்டுப் பலகையை எடுத்து, டிரில்லை மெதுவான கியரில் வைத்து ஒரு துளை போடுங்கள். துளையின் நான்கு பக்கமும் ஆழத்தை அளந்து பாருங்கள். பலகையைத் திருப்பி முகப்பைத் தடவிப் பாருங்கள். நான்கு அளவுகளும் ஒத்துப்போய், முகப்பும் வழுவழுவென்று இருந்தால் ஜிக் தேறிவிட்டது. மற்றதைக் கீலின் ஸ்க்ரூ பார்த்துக்கொள்ளும்.