கோபுரத்தின் அடியில் ஒரு தறி

புளோரன்ஸ் நகரப் பேராலயத்தையும் அதன் அருகே தனித்து நிற்கும் மணிக்கோபுரத்தையும் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மூன்று பெயர்களைக் கூறி அமைகின்றனர். 1296 இல் ஆலயப் பணியைத் தொடக்கியவர் அர்னோல்போ. 1334 இல் மணிக்கோபுரத்தைத் தொடக்கியவர் ஓவியர் ஜியோத்தோ. 1420 முதல் 1436 வரை மாபெருங் குவிமாடத்தை எழுப்பியவர் புருனெலெஸ்கி. இவர்தம் மேதையை நாம் மறுக்கவில்லை. ஆயின், மேதையால் மட்டும் கல்லின்மேற் கல் ஏறுவதில்லை. எவருடைய செல்வம், எவருடைய உழைப்பு என்று கேளாத கலை விமர்சனம் பாதி விமர்சனமே.

அந்நகரின் செல்வத்துக்கு ஊற்றாயிருந்தவை கம்பளித் தொழிலும் வட்டித் தொழிலும். 1331 இல் ஆலயத் திருப்பணியின் மேற்பார்வை கம்பளிக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கழகம் என்றதும் தொழிலாளர் சங்கம் என்று மயங்கிவிடலாகாது. அது முதலாளிகளின் கழகம். கம்பளியைச் சிக்கெடுத்தோரும் கழுவியோரும் அதன் ஆணைக்குக் கட்டுப்பட்டனர்; தமக்கெனச் சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

ஜியோத்தோ 1337 இல் இறந்தபின், அந்திரேயா பிசானோவும் அவர்தம் பட்டறையினரும் பணியைத் தொடர்ந்தனர். கோபுரத்தின் அடிப்பகுதியிலே, அறுகோணப் பலகைகளில், ஏருழவு, கொல்லனின் உலை, வீடு கட்டுதல், கப்பலோட்டல் என மனித உழைப்பின் வரலாறே புடைப்புச் சிற்பங்களாக விரிகின்றது. ஒரு பலகையிலே பெண்ணொருத்தி தறியில் அமர்ந்து நெய்கின்றாள். மறுமையை நோக்கி எழுந்த கோபுரம் இம்மையின் உழைப்பை அடித்தளமாகக் கொண்டமை பெருஞ் சிறப்பே. இன்று அங்கிருப்பவை படிகள். மூலச் சிற்பங்கள் நூதனசாலையில் உள்ளன.

ஆனால், கோபுரம் உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1345 இல், சியூத்தோ பிரந்தினி என்ற கம்பளித் தொழிலாளி தூக்கிலிடப்பட்டார். தம் போன்றோரைத் திரட்டிச் சங்கம் அமைக்க முயன்றதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். 1359 இல், ஏறத்தாழ 85 மீற்றர் உயரத்தில், பிரான்செஸ்கோ தலெந்தி கோபுரத்தை நிறைவுசெய்தார். 1378 இல் ‘சியொம்பி’ எனப்பட்ட கம்பளித் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து நகராட்சியைக் கைப்பற்றித் தமக்கென ஒரு கழகத்தையும் பெற்றனர். சில வாரங்களிலேயே அக்கழகம் கலைக்கப்பட்டது.

இப்பின்னணியில் நோக்கும்போது சிற்பங்களின் ஒரு குறைபாடு புலனாகின்றது. அவற்றில் உழைப்பு உண்டு, கூலி இல்லை. உழைப்பானது கடவுள் வகுத்த அமைதியான ஒழுங்காகவே காட்டப்படுகின்றது. உழைப்பை வாழ்த்திய சமுதாயம் உழைப்பாளியை வாழவிடவில்லை.

வெண்மை, பச்சை, இளஞ்சிவப்புப் பளிங்குகளின் இசைவை மட்டும் வியப்போர் இதனைக் காண்பதில்லை. சுரண்டலின் சின்னமென்று முழுவதையும் ஒதுக்கும் நம்மவர் சிலரும் தவறே செய்கின்றனர். அவ்வாறு ஒதுக்குவது, தொழிலாளியின் கைத்திறனையும் முதலாளிக்கே எழுதிக் கொடுப்பதாகும். ஆசிரியராகிய நாம் இச்சிற்பங்களை மாணவர்க்குக் காட்டவேண்டும். காட்டும்போது 1334 ஐயும் 1345 ஐயும் சேர்த்தே சொல்லவேண்டும்.