வேட்டை இல்லாத ஊரில் வேட்டை வில்

மூன்று துண்டாகப் பிரியும் ரிகர்வ் வில்லை வாங்கப் புறப்படுகிறவர் பெரும்பாலும் முதலில் முடிவு செய்வது ரைசரின் நீளத்தை. கைப்பிடியோடு நடுவில் நிற்கும் துண்டு அது. வளையும் லிம்புகள் மேலும் கீழுமாக அதில் பூட்டப்படுகின்றன. போட்டி வில் என்றால் 25 அங்குலம், ‘வேட்டை வில்’ என்றால் 17 அல்லது 19 என்று வழக்கம் இறுகிப்போயிருக்கிறது. குட்டை ரைசருக்கான காரணம் அமெரிக்கக் காடுகளில் பிறந்தது. மரத்தில் கட்டிய பரணிலோ புதர் மறைவிலோ மானுக்குக் காத்திருப்பவர், வில் கிளையில் முட்டாமல் திரும்ப வேண்டும். இங்கே கோவையில் அந்தத் தேவையே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்கை வேட்டையாடுவது குற்றம். உக்கடத்திலிருந்து வாளையாறு பக்கம் போனாலும் சரி, மருதமலை அடிவாரம் போனாலும் சரி, இந்த வில்லுக்கு இலக்கு தென்னந்தோப்பில் நிறுத்திய ஃபோம் பலகைதான். தென்னைக்குத் தாழ்ந்த கிளையும் கிடையாது. காரணம் செல்லாது என்பதால் முடிவும் தவறு என்று ஆகிவிடாது. சிலருக்கு அதே குட்டை ரைசர் வேறொரு காரணத்தால் கச்சிதமாக அமைகிறது. ரைசர் நீளத்தை முதலில் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு இணங்க வைப்பதுதான் பிழை. கை நீளம், வில்லின் மொத்த நீளம், லிம்பு என்ற வரிசையில் வந்தால் ரைசர் கழித்தல் கணக்கில் தானாகக் கிடைக்கும்.

ஐ.எல்.எஃப். என்னும் பொதுப் பொருத்துமுறையில் ஒரு நிறுவனத்தின் லிம்பை இன்னொரு நிறுவனத்தின் ரைசரில் பூட்டலாம். லிம்புகள் குட்டை, நடு, நெடு என மூன்று அளவு. 25 அங்குல ரைசரில் இவை முறையே 66, 68, 70 அங்குல வில்லைத் தரும். இந்தக் கணக்கில் 62 அங்குல வில்லை மூன்று விதமாகக் கட்டலாம்: 17இல் நெடு லிம்பு, 19இல் நடு, 21இல் குட்டை. மொத்த நீளம் ஒன்றுதான், ஆனால் வில்லின் குணம் மாறிவிடுகிறது. நெடு லிம்பு மென்மையாக வளையும். இழுப்பு குறைவாக இருந்தால் முழுதாக வளையாமலே நின்றுவிடும். குட்டை லிம்பு சிறிய இழுப்பிலேயே வேலையைத் தொடங்கிவிடும். இழுப்பு நீண்டால் கடைசி ஓரிரு அங்குலத்தில் கனம் சட்டென்று ஏறும். வில்லாளிகள் இதை ‘ஸ்டாக் ஆகிறது’ என்பார்கள். ஒரே வகை உலோக ரைசரில் 21 அங்குலத்துக்கு 17ஐ விட எடை கூடுதல். நாணை விடும் நொடியில் கையை ஆடாமல் நிறுத்துவதில் அந்த எடைக்குப் பங்குண்டு. 17 வாங்கியவர் தூக்குவதற்கு லேசாக இருக்கிறது என்று மகிழ்கிறார். அம்பு போனபின் உள்ளங்கையில் உணரும் அதிர்வு அதற்கான விலை.

இரு கைகளையும் விரித்து விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அளந்து 2.5ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் ஏறக்குறையக் கிடைக்கும். 165 செ.மீ. விரிப்புக்கு 66 செ.மீ., அதாவது 26 அங்குலம். 152 செ.மீ.க்கு 24 அங்குலம். லிம்பில் அச்சிடும் பவுண்டோ, அதாவது இழுக்கும் கனமோ, 28 அங்குல இழுப்புக்கானது. நம்மில் பலர் எட்டாத தூரம். 24 அங்குலம் இழுக்கும் பெண்ணிடம் 25 அங்குல ரைசரும் நடு லிம்பும் சேர்ந்த 68 அங்குல வில்லைக் கொடுத்தால், லிம்பு அரைகுறையாக வளைந்து அம்பு சோர்ந்து போகும். பழி அவருடைய தோள்பலத்தின் மேல் விழும். குட்டை லிம்போடு 17 அல்லது 19 ரைசர், மொத்தம் 58 முதல் 60 அங்குலம், அவருக்குப் பொருந்தும். புதருக்காகச் செய்த ரைசர் இங்கே கைக்காகப் பொருந்துகிறது. அதே 58 அங்குல வில்லை 29 அங்குலம் இழுக்கும் ஆறடி ஆள் எடுத்தால் நாண் கூர்கோணமாக மடங்கி மூன்று விரலையும் நெரிக்கும், விடுவிப்பு கெடும். பவுண்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 25 ரைசரில் அளந்து 40 பவுண்டு என்று குறித்த லிம்பை 17இல் பூட்டினால் அதே இழுப்பில் ஏறத்தாழ ஐந்து பவுண்டு கூடிவிடும். சில வேட்டை லிம்புகளை 17 ரைசரிலேயே அளந்து குறிக்கிறார்கள். எந்த ரைசரில் அளந்தது என்று விற்பவரிடம் கேட்காதவர், தான் எத்தனை பவுண்டு இழுக்கிறோம் என்பதை அறியாமலே தோள்வலிக்கு மருந்து தேடுவார்.

துருக்கியரும் முகலாயரும் குட்டை வில்லால்தானே நெடுந்தூரம் எய்தார்கள் என்ற மறுப்பு எழக்கூடும். உண்மைதான். அவை கொம்பும் தசைநாரும் ஒட்டிச் செய்த கூட்டு வில்கள். மரமும் கண்ணாடியிழையும் தாங்காத வளைவை அவை தாங்கின. நாணையும் வளையம் அணிந்த கட்டைவிரலால் இழுத்தார்கள்; மூன்று விரல் நெரியும் சிக்கலே அங்கே எழவில்லை. கொங்கில் வில் பேச்சு எடுத்தால் கொல்லிமலை வல்வில் ஓரியும் வந்துவிடுவார். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பு துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் சொல்கிறார். பவுண்டைக் கூட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு வசதியான சாட்சி. வில்லின் நீளம் பற்றி அதில் சேதி இல்லை. பஸ்ஸில் கொண்டுபோகக் குட்டை வில்தான் சௌகரியம் என்பது இதைவிட எளிய மறுப்பு. பிரித்துப் பைக்குள் வைக்கும் வில்லுக்கு அது பொருந்தாது.

கனமான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது: கடையில் இருப்பதைத்தானே வாங்க முடியும்? உள்ளூரிலேயே செய்துகொள்ளலாமே என்றால், ஆத்துப்பாலம் தாண்டிக் குறிச்சி சிட்கோ வரை போனால் அலுமினியத்தைச் சி.என்.சி.யில் கடைந்து கொடுக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வேண்டிய நீளத்தில் கடைவது அவர்களுக்குப் பெரிய வித்தையல்ல. கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. மேல் லிம்பும் கீழ் லிம்பும் உட்காரும் பள்ளங்கள் இரண்டும் ஒரே தளத்தில் அமையாவிட்டால் நாண் நடுக்கோட்டை விட்டு விலகி, லிம்பு முறுக்கிக்கொள்ளும். வார்ப்பில் செலவு குறையும் என்று இறங்கினால் உள்ளே காற்றுக்குமிழி தங்கிய இடம், முழு இழுப்பில் முகத்துக்கு அருகிலேயே உடையக்கூடும். திடக் கட்டியிலிருந்து கடைந்து, சோதித்துப் பார்த்த ரைசர் உள்ளூரில் வரும்வரை, கைவசமுள்ள பணத்தைப் பகிர்வதில்தான் விவேகம் வேண்டும். பத்து 25 அங்குல ரைசர் அடுக்கிவைத்த பயிற்சியிடத்தைவிட, சில 19 அங்குல ரைசர்களும் மூன்று அளவு லிம்புகளும் வைத்திருக்கும் இடமே மேல்; அங்கே 60, 62, 64 அங்குலம் என்று ஆளுக்கேற்ப வில்லைப் பூட்டிக் கொடுக்கலாம்.