நௌஸிகா: ஏழாவது தொகுதி

ஹயாவோ மியாஸாகியின் ‘நௌஸிகா’வைத் திரைப்படமாக மட்டும் பார்த்தவர்கள் அதில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. 1984இல் வந்த படம், சித்திரக் கதையின் முதல் இரண்டு தொகுதிகளோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கதை ‘அனிமேஜ்’ என்ற ஜப்பானியப் பத்திரிகையில் 1982இல் தொடங்கி, அவர் வேறு படங்கள் எடுக்கப் போனபோதெல்லாம் நின்று, 1994இல்தான் முடிந்தது. பன்னிரண்டு வருஷம். தொடங்கியபோது இருந்த நம்பிக்கையை ஆசிரியரே கைவிட்டதற்குக் கடைசித் தொகுதியான ஏழாவது சாட்சி.

சித்திரக் கதையை இலக்கியமாகப் பேச நமக்குக் கூச்சம். முத்து காமிக்ஸ் 1972இல் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்தவர்கள்கூட எழுத்தாளரானதும் அதைப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். எனக்கும் இந்தக் கூச்சம் இருந்தது. மரக்காணத்தில், உப்பளத்தைப் பார்த்த ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் இந்தத் தொகுதியைப் படித்தபோது அது போயிற்று. (இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. மூலத்தைப் போலவே பழுப்பு மையில் அச்சிட்டது, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் பத்துப் பக்கம் தடுமாறினேன்.)

ஏழு நாள் நெருப்பில் பழைய நாகரிகம் அழிந்து ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. பூஞ்சைக் காடு விஷ மூச்சு விட்டுக்கொண்டு பரவுகிறது. ‘ஓமு’ என்ற ராட்சதப் பூச்சிகள் அதைக் காக்கின்றன. காடு உண்மையில் மண்ணின் விஷத்தை உறிஞ்சிச் சுத்தம் செய்கிறது என்று நௌஸிகா கண்டுபிடிப்பதோடு படம் திருப்தி அடைந்துவிடுகிறது. இயற்கை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்ற ஆறுதல். நம் கவிஞர்கள் பலருக்கு இதுவே போதும்.

ஏழாவது தொகுதி இந்த ஆறுதலைப் பிடுங்கிக்கொள்கிறது. அந்தக் காடே பழைய மனிதர்கள் செய்து வைத்த யந்திரம். இப்போதிருக்கும் மனிதர்களும் விஷக் காற்றைத் தாங்குவதற்காகத் திருத்தப்பட்டவர்கள். காற்று முழுக்கச் சுத்தமாகும் நாளில் இவர்கள் ரத்தம் கக்கிச் சாவார்கள். அவர்களுக்குப் பதிலாக வரவேண்டிய சாத்வீக மனிதர்கள் ஷூவா என்ற நகரின் கல்லறையில் முட்டைகளாகக் காத்திருக்கிறார்கள். அந்தக் கல்லறைச் சுவரில் வருஷத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு வரி எழுத்துத் தோன்றுகிறது. அதைப் படித்துப் பொருள் சொல்ல ஒரு பண்டிதக் கூட்டம். (சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பழக்கமான வேகம்தான்.)

தொகுதியின் சிகரம் கல்லறை அல்ல, அதற்கு முன்னால் வரும் தோட்டம். அழியாத ஒரு தோட்டக்காரன். சுத்தமான காற்று, பழைய சங்கீதம், புத்தகங்கள். வழிநடையில் இழந்தவர்களின் துயரம் நௌஸிகாவுக்கு மெல்ல மறந்துபோகிறது. யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. அன்போடு தரப்படும் மறதிதான் சிறை. கலாசாரம் என்று நாம் பெருமையோடு சொல்வதெல்லாம் அங்கே இருக்கிறது. எதுவும் யாருக்கும் பயன்படவில்லை. யுத்தக் காட்சிகளின் நெரிசலான கோடுகள் இங்கே நிதானப்படுகின்றன. அந்த நிதானத்தைக் கண்டுதான் நான் பயந்தேன்.

திண்ணையிலிருந்து தெரிந்த பாத்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல்நீர் பாமே மானியில் சுமார் 3.5 டிகிரி. பாத்தி மாறிப் பாத்தி வெயிலில் சுண்டி 25ஐத் தாண்டினால்தான் உப்பு படியும். 30ஐ நெருங்கும்முன் மிஞ்சிய நீரை வடிக்காவிட்டால் உப்பில் கசப்பு ஏறும். முற்றிய பாத்தியின் நீரைச் சிவக்க வைக்கும் நுண்ணுயிர்கள் நல்ல தண்ணீரில் விழுந்தால் உடைந்து சிதறும். மழை இங்கே விளைச்சலின் எதிரி. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது இந்தப் பாத்திகள் முழுகிப்போயின. ‘சுத்தம்’ என்ற சொல் யாருடைய உடம்பை வைத்துச் சொல்லப்படுகிறது என்று மியாஸாகி கேட்பது இங்கே தத்துவக் கேள்வி அல்ல.

என் சண்டையும் இங்கேதான். கல்லறையின் அதிபதி, இன்றைய மனிதர்களை மறுபடி மாற்றியமைக்கும் வித்தை தன்னிடம் உண்டு என்கிறான். நௌஸிகா அதை நம்பவில்லை. தன்னை அம்மா என்று அழைக்கும் ராட்சத வீரன் ஓமாவை ஏவிக் கல்லறையை அழிக்கிறாள். அழித்தது சரி. ஆனால் வெளியே வந்து, காத்திருக்கும் ஜனங்களிடம் உண்மையைச் சொல்லாமல், வாழ்ந்தாக வேண்டும் என்று மட்டும் சொல்கிறாள். கூட அறிந்த வனவாசி இளைஞன் செல்மும் வாய் திறப்பதில்லை. எல்லோருக்குமாகத் தானே தீர்மானித்து அறிவைப் பூட்டி வைப்பது, அவள் இடித்த கல்லறை செய்த காரியம் அல்லவா? அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஐப்பசி மழை வரும், வேலை போகும் என்று தெரியும். தெரிந்தேதான் தை பிறந்ததும் வரப்பு கட்டுகிறார்கள். அவர்களிடம் யாரும் எதையும் மறைத்துக் காப்பாற்றவில்லை. மியாஸாகி தன் ஜனங்களைக் குறைவாக எடைபோட்டுவிட்டார் என்றே முதலில் எழுதி வைத்திருந்தேன்.

இரண்டாம் வாசிப்பில் கடைசிப் பக்கம் தடுத்தது. முடிவு ஏதோ பழைய வரலாற்றுக் குறிப்பைப் போலச் சொல்லப்படுகிறது: அவள் தன் பள்ளத்தாக்குக்குத் திரும்பினாள் என்பர் சிலர், வனவாசிகளிடம் போனாள் என்பர் சிலர். அந்தக் குறிப்பை எழுதியவனுக்கும் ரகசியம் தெரியாது. கல்லறையின் ரத்தமும் ஓமுவின் ரத்தமும் ஒரே நிறம் என்பது அவளுக்கும் செல்முக்கும் பிறகு வாசகனுக்குத்தான் தெரியும். அவளை ஆசிரியர் மன்னிக்கவில்லை, நம்மையும் உடந்தையாக்கியிருக்கிறார். அப்படியும் என் புகாரை முழுக்கத் திரும்பப் பெற மாட்டேன்.

முதல் ஆறு தொகுதிகளைப் படிக்காமல் இதை எடுக்க வேண்டாம். நண்பரின் பிரதி இப்போது புதுச்சேரியில் ஒருவரிடம் இருக்கிறது. திரும்பி வந்தால், கேட்பவர்களுக்குக் கிடைக்கும்.