மாயம் தீர்த்துவைக்காத காதல்

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தைச் சேர்ந்த மனமொத்த இருவரின் உறவைக் குற்றமென்ற பழியிலிருந்து விடுவித்த நாள் தொட்டு, ஆணும் ஆணும் கொள்ளும் காதலைக் குறித்து எழுதப் புகுவோர் பலரும், நம் புராணங்களில் இல்லாததா இது என்று தொடங்குவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. மோகினியை எடுத்துக்காட்டுகிறார்கள், அரவானை எடுத்துக்காட்டுகிறார்கள், சிகண்டியும் தவறாமல் வந்து நிற்கிறான். பிறநாட்டு மாயப்புனைவுத் தொடர்களில் இரு ஆண்களின் காதல் நடுநாயகமாக நிற்பதை மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் ஆவலோடு வாசிக்கிறார்கள் என்றால், அதற்கும் இதே சமாதானந்தான் சொல்லப்படுகிறது: அவர்கள் இன்று கண்டதை நாம் என்றோ கண்டுவிட்டோம். நல்லெண்ணத்தில் பிறந்த இந்த அபிப்பிராயம் தவறு என்பதே என் கட்சி.

கச்சியப்பரின் கந்தபுராணத்து மகாசாத்தாப் படலத்தை எடுத்துக்கொள்வோம். மோகினியாக வந்த திருமாலைச் சிவபெருமான் விழைகையில், ஆணோடு ஆண் கூடுவதால் பயனில்லை என்று திருமால் மறுக்கிறார், நீயும் என் சக்திகளுள் ஒன்றே என்று சிவன் விடையிறுக்கிறார், சாஸ்தா அவதரிக்கிறார். ஆணோடு ஆண் கூடலாமா என்ற அந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்தது கச்சியப்பரின் பெருமை. ஆயினும் அதற்கு விடை தத்துவத்தில் கிடைக்கிறதேயன்றி இருதயத்தில் கிடைப்பதில்லை. கூவாகத்தில் சித்திரைதோறும் நினைவுகூரப்படும் அரவான் கதையிலும், ஓரிரவு மணவாட்டியாக வருபவன் கண்ணனே என்றாலும், பெண்ணுருக் கொண்டுதான் வருகிறான். அக்கதை திருநங்கையருக்கு உயிரனையது. அவர்கள் உரிமையை நான் தொடவில்லை. ஆனால், ஆணாகவே இருந்து ஆணை நேசிக்கும் ஒருவனுக்கு அதில் இடமில்லை.

இவற்றையெல்லாம்விட நம் காலத்துக்கு நெருங்கி வருவது, அதிகம் பேசப்படாத ஒரு கதை. ஸ்காந்த புராணத்தின் பிரமோத்தர காண்டத்தில் வருவது. தென்காசிப் பாண்டியருள் ஒருவரான வரதுங்கராமர் அக்காண்டத்தைத் தமிழ்ச் செய்யுளாக்கினார். விதர்ப்ப நாட்டில் உடன் வளர்ந்து உடன் கற்ற சுமேதன், சாமவான் என்னும் இரு பிராமண இளைஞர், விவாகத்துக்குப் பொருள் வேண்டி அரசனை அணுக, அவன் இருவரையும் தம்பதிகள்போல் வேடமிட்டு, சோமவாரந்தோறும் தம்பதிகளைப் பூசித்துத் தானம் வழங்கும் சீமந்தினி என்னும் அரசியிடம் போகச் சொல்கிறான். சாமவான் பெண் வேடம் பூணுகிறான். அரசியோ அவர்களில் உமையையும் மகேசனையுமே கண்டு வணங்குகிறாள். அந்தப் பக்தியின் வலிமையால் வேடம் மெய்யாகிவிடுகிறது. திரும்பும் வழியில் காட்டுப்பாதையில் சாமவான் தன் ஆசையைச் சொல்ல, சிநேகிதன் பரிகாசம் செய்கிறான் என்றெண்ணிச் சுமேதன் முன்னே நடக்கிறான். இந்த ஓர் இடம் உயர்ந்த நாவலாசிரியன் எவனும் பொறாமைப்படத் தக்கது. ஆனால், சுமேதன் திரும்பிப் பார்க்கும்போது நிற்பது பெண். பின்னர்ச் சாமவானின் தந்தை முறையிட, தன் பக்தை செய்ததைத் தான் மாற்றலாகாது என்று தேவி கூறிவிட, விவாகம் இனிதே முடிகிறது. அவ்விருவரின் அன்பு வேடத்துக்கு முன்பே இருந்ததா என்பதை மட்டும் புராணம் கேட்கவில்லை. கேட்கவொட்டாமல் அற்புதம் குறுக்கே வந்துவிடுகிறது.

இக்காலத் தமிழ் உரைநடை இந்த அற்புதத்தைத் துறந்தது. அதற்குரிய விலையையும் கொடுத்தது. கி. ராஜநாராயணனின் 'கோமதி', கரிச்சான் குஞ்சு 1978-இல் எழுதிய 'பசித்த மானிடம்', சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' ஆகியவை நேர்மையும் தைரியமும் உள்ள படைப்புகள். ஆயினும் ஏக்கம், சுரண்டல், அவமானம் ஆகிய இருண்ட வீதிகளிலேயே அவை பெரும்பாலும் நடக்கின்றன. காதல் என்று சொல்லத்தக்க ஆனந்தம் அவற்றில் அரிது.

மும்பைக்கு வருவோம். செம்பூரில் வளர்ந்த தேவ்தத் பட்நாயக் 2008-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி பிரக்னன்ட் கிங்' என்னும் நாவல், மேற்சொன்ன சுமேதன் கதையை யுவனாசுவன் கதையோடு பின்னுகிறது. அந்த நாவலில் தானம் பெற வேடமிட்டு வந்த இளைஞரை அரசன் யுவனாசுவன் தண்டித்துக் கொல்கிறான்; பின்னர் மனைவியருக்கென வைத்த மந்திர நீரைத் தானே பருகிக் கருவுற்று, மாந்தாதாவைப் பெற்று, தான் தந்தையா தாயா என்று தெரியாமல் தவிக்கிறான். புராணம் மணவறையில் முடித்ததைத் தீயில் முடித்தது பட்நாயக்கின் துணிவு. ஆயினும் ஒரு குறை சொல்லாமல் தீராது. அவ்விரு இளைஞரும் தர்மத்தைக் குறித்த ஒரு வழக்கின் சாட்சிகளாக நிற்கிறார்களேயொழிய, ஒருவன் கோபத்தை மற்றவன் எப்படித் தணிப்பான் என்பதை நாம் அறியோம். அரசனின் ஞானோதயத்துக்காக அவர்கள் இறக்கிறார்கள். இதே நகரத்தில், 2003-இல் வந்த ஆர். ராஜ ராவின் 'தி பாய்ஃப்ரெண்ட்' நாவலில் மாயமேதும் இல்லை. சர்ச்கேட் நிலையத்தில் தொடங்கும் உறவில் நடுவயதுப் பத்திரிகையாளன் யூதிக்கும் தலித் இளைஞன் மிலிந்துக்கும் இடையே சாதியும் வர்க்கமும் ஓயாமல் குறுக்கிடுகின்றன. இருவரும் ரத்தமும் சதையுமான மனிதர்கள். ஒன்றில் அற்புதம் உண்டு, பாத்திரம் இல்லை. மற்றதில் பாத்திரம் உண்டு, அற்புதம் இல்லை.

இரண்டையும் இணைத்தவர்கள் வேற்று நாட்டார் என்பதை மனம் கோணாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கும் தொடக்கம் எளிதாயில்லை: மெர்சிடீஸ் லாக்கி 1989-இல் தொடங்கிய தொடரில், வான்யெல் என்னும் நாயகனின் முதற்காதலன் முதல் பாகத்திலேயே மாண்டுபோகிறான். சீனத்து மோ ஷியாங் தோங் ஷியூவின் நாவலில் மலர்ந்த காதல், 2019-இல் தொலைக்காட்சித் தொடரானபோது நட்பென்ற போர்வைக்குள் ஒடுக்கப்பட்டது. ஆகவே லின் ஃப்ளெவெல்லிங் 1996 முதல் 2014 வரை ஏழு பாகங்களாக எழுதிய 'நைட்ரன்னர்' தொடரையே இவ்வகையின் சிகரமாக நான் கொள்கிறேன். ஒற்றனும் கள்வனுமான செரெகில், சிறையில் சந்தித்த அலெக் என்னும் இளைஞனைத் தப்புவித்துத் தொழில் கற்பிக்கிறான். பூட்டுத் திறப்பது, வாள் பிடிப்பது, பிரபுக்களின் விருந்தில் பேசுவது என்று நாள்கள் நகர்கின்றன. காதல் வெளிப்பட இரண்டாம் பாகத்தின் இறுதிவரை காத்திருக்க வேண்டும். அங்கே மந்திரவாதிகள் உண்டு, சாபங்களும் உண்டு. ஆனால், அவ்விருவர் அன்பை மந்திரம் உண்டாக்குவதுமில்லை, தீர்த்துவைப்பதுமில்லை. ஆசிரியன் தன் மாணவனிடம் கொள்ளும் தயக்கம், பழைய துரோகத்தின் வடு, நம்பிக்கை மெல்லத் திரும்புதல் ஆகிய குணங்களிலிருந்தே அது விளைகிறது. காதல் கூடிய பின்னும் ஐந்து பாகங்கள் நீள்கின்றன என்பதே அதன் பெரிய சாதனை. கூடி வாழ்தல் என்னும் நித்தியக் காரியத்தை எழுத அவர் அஞ்சவில்லை.

இத்தகைய நெடுங்கதைக்குத் தேவையான பொறுமை தமிழனுக்கு அந்நியமன்று. 'பொன்னியின் செல்வ'னுக்காக வாரந்தோறும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக நாள்தோறும் வெளிவந்தபோது உடன் நடந்தவர்களும் நாமே. பொறுமை மட்டுமன்று, மொழியும் நமக்குண்டு. நேரில் கண்டிராத கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்த பிசிராந்தையாரைக் காதலர் என்று நான் சொல்லத் துணியேன். ஆயினும் ஓர் ஆண் மற்றோர் ஆணுக்காக உயிரை விடுவதைப் பாடும் மொழி நம்மிடம் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாத்திரங்களுக்கோ மும்பையில் பஞ்சமேயில்லை. தாராவியில் கோலி எனப்படும் பத்தடி அறையில், பகல் ஷிப்ட்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்டுக்காரன் படுக்கிறான்; தலையணையின் சூடு ஆறுவதற்குள் ஆள் மாறுகிறது; கதவைத் தாழிட்டால் சந்து முழுவதும் கேள்வி கேட்கும். தனிமை என்பதே கிட்டாத அவ்விடத்தில் இருவர் அன்பு எப்படி வளரும், எந்தச் சைகையில் ஒளியும் என்பதை அறிந்தவன், கற்பனையில் எந்த ராஜ்யத்தையும் கட்டி அதற்குள் அவர்களை நடத்தலாம். 2015-இல் மும்பையின் 'மிட்-டே' நாளேட்டில் ஒரு தமிழ்த் தாய் தம் மகனுக்கு மணமகன் வேண்டுமென்று விளம்பரம் கொடுத்தார். அதில் சாதி தடையில்லை என்று சொல்லி, ஐயராக இருந்தால் நலம் என்றும் சேர்த்திருந்தார். உலகத்தையே எதிர்த்து மகன் பக்கம் நிற்கும் அன்பும், பழைய வழக்கத்தின் பிடியும் ஒரே வாக்கியத்தில் கூடிய அந்தத் தாயைப் போன்ற பாத்திரத்தை நான் வாசித்த எந்த மாயப்புனைவிலும் கண்டதில்லை.

ஆகவே மும்பையில் எழுதும் இளைய தமிழ் எழுத்தாளர்களுக்கு என் விண்ணப்பம் இது. புராணத்தில் உண்டு என்ற திருப்தியை விட்டுவிடுங்கள். வரதுங்கராமர் காண்டத்தை மீண்டும் வாசியுங்கள். சுமேதனும் சாமவானும் காட்டுப்பாதையில் நடக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஆனால், சுமேதன் திரும்பிப் பார்க்கும்போது சாமவான் சாமவானாகவே நிற்கட்டும். அதன் பிறகு என்ன நேரும் என்பதை எழுதப் பல பாகங்கள் வேண்டியிருக்கும். அவற்றை வாசிக்கத் தமிழில் ஆள் இருக்கிறார்கள்.