எஞ்ஞான்றும்: கள்ளுண்ணாமை அதிகாரத்தில் ஒரு சொல்

திருக்குறட் பொருட்பாலில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். வரைவின்மகளிர்க்குப் பின்னும் சூதுக்கு முன்னும் வைக்கப்பட்டமையின், அரசன் விலக்கற்பாலனவாகிய குற்றங்களுள் ஒன்றைக் கூறுவதாகவே உரையாசிரியர் இதனைக் கண்டனர். பிற்காலத்தே மதுவிலக்குப் பேசிய மேடையும் பள்ளிப் பாடநூலும் இதனை ஒரு விதியாக ஓதின. சேலம் மாவட்டத்தில் 1937இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது, 1948இல் மாநிலம் முழுதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது. விதி வந்தது, போயிற்று. அதிகாரத்தை விதியாகப் படிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அப்பழக்கத்தால் ஓர் இழப்பு நேர்ந்தது என்பது எம் கருத்து. இப்பத்துக் குறளும் விலக்குவதைக் காட்டிலும் மிகுதியாகக் காட்டுகின்றன. குடிப்பான் ஒருவனின் உறக்கம், விழிப்பு, உடல், மனை, ஊர், கையிலுள்ள பொருள் ஆகிய யாவும் இவற்றுள் வந்து போகின்றன. ஒருநாட் குடியை அன்று, நாட்பட்ட குடியையே வள்ளுவர் பொருளாகக் கொண்டார். இதற்குச் சான்றாவது எஞ்ஞான்றும் என்னும் ஒரு சொல்.

பத்துக் குறளுள் மூன்றில் இச்சொல் வருகின்றது: முதற்குறளில் ஒருமுறை, ஆறாவதில் ஒருமுறை, ஏழாவதில் ஒருமுறை. மூன்றிடத்தும் முதலடியின் இறுதிச் சீராகவே நிற்கின்றது. முதலடியில் கள்ளுண்பானுக்கு நேரும் பயன் சொல்லப்படுகின்றது; இரண்டாமடியில் அவன் செயல் சொல்லப்படுகின்றது; இரண்டற்கும் நடுவே இச்சொல் நிற்கின்றது. முதற்குறளில் பரிமேலழகர், அரசர் என எழுவாய் வருவித்து, எஞ்ஞான்றும் என்பதனை அஞ்சப்படாமையாகிய பயனோடு இயைப்பர். அவ்வியைபு பிழையன்று. ஆயினும் இடைநின்ற சொல் ஊசல்போல் முன்னும் பின்னும் சென்று பொருள் தருவதைத் தாப்பிசை என்று நம் இலக்கணம் வகுத்துள்ளது. அம்முறையாற் கொள்ளின், எக்காலத்தும் குடித்தொழுகுவார் எக்காலத்தும் ஒளியிழப்பர் என்றாகும். ஒழுகுவார் என்னும் வினையாலணையும் பெயரும் இதற்குத் துணையாகும். ஒழுகுதல் ஒருபொழுதைச் செயலன்று.

இச்சொல் வேறு அதிகாரங்களிலும் இதே இடத்தில் வருதலின் இஃது யாப்பு நிரப்ப வந்ததாகலாம் என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். அவாவறுத்தலின் முதற்குறளிலும் ஒற்றாடலிலும் அவ்வாறு வருவதை யாமும் அறிவோம். ஓரதிகாரத்துள் மும்முறை வந்ததற்கு அவ்விடை போதாது.

இனி, நாட்பட்ட குடி உடலில் என்ன செய்கின்றது என்று மருத்துவ நூலார் கூறுவதையும் ஈண்டு நோக்கவேண்டும். புலவர் பலர் இப்பகுதியை மருத்துவர்க்கு விட்டுவிடுவர். சொல்லின் பொருள் அங்கே கிடைக்குமாயின் அவ்விடத்திற்கும் செல்வதே ஆராய்ச்சி. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்ககாலையே சிதைக்க வல்லது. இக்காலத்து வடித்த மதுவில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்ககால் உள்ளது. 180 மில்லி லிட்டர் குப்பி ஒன்றில் அது ஏறத்தாழ 60 கிராம் ஆகும். உடல் அதனைக் கழிக்க ஏறத்தாழ 6 மணி முதல் 9 மணி நேரம் வேண்டும். அதனினும் இருமடங்கு இரவில் குடித்தவனுடைய குருதியில் மறுநாள் நண்பகலிலும் அது இருக்கும். அவன் தான் இரவில் மட்டும் குடிப்பதாகச் சொல்வான். அவன் கல்லீரலுக்குப் பகலும் குடிப்பொழுதே. சிதைவின்போது தோன்றும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருள் உயிரணுக்களைத் தாக்கும். கல்லீரலில் முதலில் கொழுப்பு ஏறும். பின் அழற்சி தோன்றும். பல்லாண்டுக் குடியில் கல்லீரல் வடுப்பட்டு இறுகிச் சுருங்கும். முதல் நிலையில் நிறுத்தினால் பெரும்பாலும் மீளலாம்; இறுதி நிலையில் மீளல் அரிது. ஆறாவது குறள் கள்ளுண்பாரை எஞ்ஞான்றும் நஞ்சுண்பார் என்னும் கருத்தினது. அங்கே நஞ்சு என்பதை உவமையளவிலேயே கொண்டு நெடுங்காலம் பாடம் சொல்லி வந்தோம்.

அக்குறளின் முற்பகுதி இன்னும் நுண்ணிது. உறங்கினார் செத்தாரின் வேறல்லர் என்று தொடங்குவானேன்? அறிவின்மையே இருதிறத்தார்க்கும் பொது என்பது பரிமேலழகர் கண்ட ஒப்புமை. உறங்கினானுக்கு அறிவின்மை உறக்க அளவினது. குடிப்பானுக்கு அஃது எக்காலத்ததும் ஆகும் என்று அவர் கொள்வது எம் கருத்துக்கு அரணாகும். குடித்தவனின் உறக்கம் உறக்கமேதானா என்பதும் கருதத்தக்கது. மது விரைவில் கண்ணயரச் செய்யும். ஆயின் இரவின் முற்பாதியில் கனவுறக்கத்தைக் குறைத்து, பிற்பாதியில் உறக்கத்தைத் துண்டு துண்டாக்கும். விடியலில் களைப்போடு எழுவான். களைப்பைத் தீர்க்க மாலையை எதிர்நோக்குவான்.

ஐந்தாம் குறளின் மெய்யறியாமை என்னும் தொடர்க்குத் தன் உடலைத் தான் அறியாத மயக்கம் என்பதே உரை. மயக்கம் தெளிந்தபின் மெய் அறியப்படுமா? நெடுங்குடியர்க்குக் கால்நரம்புகள் நலிந்து பாதத்தில் உணர்ச்சி குன்றும்; கால் தரையை அறியாது. தயமின் என்னும் ஊட்டச்சத்துக் குறைவால் நடை தள்ளாடும்; கண்ணசைவு பிறழும்; நினைவு அழியும். வெர்னிக்கே 1881இல் இந்நோயின் ஒரு கூற்றை விளக்கினார். பின்னர்க் கோர்சகாவ் நினைவழிவை விளக்கினார். அந்நோயாளர் அழிந்த நினைவின் இடத்தை நிகழாதவற்றால் நிரப்பிப் பேசுவர். பொய் சொல்லும் எண்ணம் அவர்க்கு இல்லை. வள்ளுவர் இவற்றை அறிந்து பாடினார் என்று யாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவாரோடு எமக்கு உடன்பாடும் இல்லை. அவர் தேர்ந்த சொல் மயக்கத்தை மட்டும் குறிக்கும் அளவிற்குச் சிறிதன்று என்பதே யாம் வேண்டுவது.

ஈண்டுச் சங்கப் பாடல்களின் வழக்கு எழும். அதியமான் இறந்தபின் ஒளவையார் பாடிய கையறுநிலை புறநானூற்றில் 235ஆம் பாட்டு. கள் சிறிதாயின் புலவர்க்கே தந்தான். பெரிதாயின் புலவர் பாடத் தானும் மகிழ்ந்துண்டான் என்று அவன் ஈகையை அது நினைவுகூர்கின்றது. கள்ளைப் புகழ்ந்த சங்கமும் பழித்த வள்ளுவரும் என இரு கட்சி வகுத்து, காலமாற்றம் அல்லது சமயமாற்றம் என்று அமைதி கூறுவர் பலர். அவ்வமைதி மிக எளிதாகக் கிடைத்துவிடுகின்றது. புறப்பாட்டில் கள் கொடுக்கப்படுகின்றது. பலர் நடுவே, பாட்டொடு, ஈவோன் முகத்தெதிரே உண்ணப்படுகின்றது. குறளிலோ பொருள் கொடுத்துக் கொள்ளப்படுகின்றது. ஏழாவது குறளில் ஒளித்து உண்ணப்படுகின்றது. ஊரார் உய்த்தறிந்து நகுகின்றனர். ஒன்று கூட்டத்தின் உண்டி, மற்றது தனியனின் பழக்கம். சங்க காலத்தில் கள் விற்பனை இல்லை என்பதன்று இதன் பொருள். பட்டினப்பாலையில் கள்விலைக் கொடி காணப்படுகின்றது. அரிசிக் கூழைத் துழாவி ஆற்றி, முளையடை கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளைவிப்பதைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கின்றது. அத்தகு புளித்த பானங்களின் வலிமை சிறிது. கள்ளில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கே ஆல்ககால். மேற்சொன்ன குப்பி அளவிற்கு 1½ லிட்டர் கள் வேண்டும். வடித்த மதுவின் கேட்டை அப்படியே சங்கக் கள்ளின்மேல் ஏற்றுவது பொருந்தாது. ஆயினும் நாள்தோறும் 1½ லிட்டர் உண்பானை அவ்வேறுபாடு காவாது.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் வரும் களிமகனை இவ்விடத்து மறக்கலாகாது. புகார்த் தெருவில் அவன் நோன்பியாகிய சமண அறவோனை நிறுத்தி, தெங்கின் கள்ளில் கொலை ஏது என்று வாதிட்டு உண்ணச் சொல்கின்றான். அவன் பின்னே செல்வார் கூட்டமும் உண்டு. களித்தானுக்குக் காரணம் காட்டுதல் நீருள் மூழ்கினானைத் தீ கொண்டு தேடுதலை ஒக்கும் என்பது ஒன்பதாம் குறளின் கருத்து. சாத்தனார் அதனைப் புரட்டி, களித்தானே காரணம் காட்டுவதாக அமைத்தார். குடியரோடு வாழ்ந்தார் எவரும் இரண்டையும் மெய்யென்பர். காரணத்திற்கு அவனிடம் குறைவில்லை, நம்மினும் மிகுதி.

ஒன்பதாம் குறளின் உவமையில் குற்றம் மூழ்கினவனுடையது என்று பாடம் சொல்வது வழக்கம். எமக்கு அது தேடுவானுடைய கருவியின் குற்றமாகவே படுகின்றது. தீ நீருள் எரியாது. அடுத்த குறள் வேறு வழி காண்கின்றது: தான் உண்ணாத பொழுதில் பிறன் ஒருவன் களித்திருத்தலைக் கண்டு, தன் சோர்வை அவன் நினையானோ என்று வினவுகின்றது. (குறள் வைப்புமுறை உரையாசிரியரிடையே வேறுபடுதலின் இத்தொடர்ச்சியின்மேல் மிகு பாரம் ஏற்றோம்.) சோர்வு என்பதனை மனமும் மொழியும் மெய்யும் தன் வயத்தன ஆகாமை என விளக்கிய பரிமேலழகர், அவன் அதனைக் கருதலளவையால் அறிதல் வேண்டும் என்றார். தன் சோர்வைத் தான் அறியக் காட்சி இருக்கக் கருதல் எதற்கு? காட்சி அவனுக்கு இல்லை. மிகுகுடியின்போது மூளை நிகழ்ச்சிகளைப் பதிவதே இல்லை. நேற்றிரவு என்ன செய்தோம் என்பதற்கு அவனிடத்துச் சான்றில்லை. பிறன் ஒருவனைக் கண்டே தன்னைக் காணவேண்டும். உரையாசிரியர் கூறிய அளவையின் நுட்பம் இதனால் விளங்குகின்றது.

ஓரிடத்தில் மட்டும் வள்ளுவரோடு மாறுபடுகின்றோம். உண்ணாப் பொழுது தெளிந்த பொழுது என்று அக்குறள் நம்புகின்றது. நெடுநாட் குடியர்க்கு அப்பொழுதே கொடியது. திடீரென நிறுத்தின், சில மணி நேரத்திற்குள் கைநடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் இல்லாதன காணும் மனப்பிறழ்வு தோன்றி உயிருக்கே ஊறு விளையலாம். அந்நிலையில் அவனுக்கு வேண்டுவது மருத்துவரின் மேற்பார்வை.

இன்னொன்று. இவ்வதிகாரத்தில் ஈன்றாள் உண்டு, சான்றோர் உண்டு, உள்ளூரார் உண்டு, மனைவி இல்லை. மகவும் இல்லை. குடியால் நாள்தோறும் நலிவார் அவரே என்பதை நோக்க, இஃது ஒரு குறையே. நான்காம் குறளில் நாண் என்னும் நல்லாள் முகந்திருப்பிப் போகின்றாள். உழவு அதிகாரத்து இறுதியில் நிலமும் நல்லாள் எனப்படுகின்றது. அதன் முன்னைக் குறளில் நிலம் இல்லாளைப்போல் ஊடுகின்றது. வள்ளுவர் நல்லாள் என்னுமிடத்து இல்லாளின் நிழல் விழுதல் உண்டு. முகந்திருப்பும் நாணின் பின்னே, பெயர் பெறாத ஒருத்தி நிற்பதாக யாம் கொள்வோம்.

சூது என்னும் ஓரதிகாரம் இடையிட மருந்து வருகின்றது. அங்கே உண்டியின் அளவு பேசப்படுகின்றது, கள் பேசப்படவில்லை. அதன் இறுதிக் குறளில் நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றொடு நான்காம் உறுப்பாக உழைச்செல்வான் எண்ணப்படுகின்றான். சொல் ஆண்பால் ஈறு பெற்றுள்ளது. கைநடுங்கும் குடியனுக்குக் கஞ்சி ஊட்டி, இரவெல்லாம் விழித்திருந்து, மருந்து வேளையை நினைவுறுத்துபவர் நம் இல்லங்களில் பெரும்பாலும் ஆண்பாலார் அல்லர்.