மூச்சின் பாடம்

தெலுக் இந்தான் தண்டாயுதபாணி கோயிலின் சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் நாகசுரத்தைக் கேட்டு மகிழ்வோர் பலர். அந்த ஒலி கைவர எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. தமிழ்ப் புனைகதையும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தோடு நின்றே கேட்கிறது. கலையின் வெற்றியைப் பாடும் அது, கற்றலின் வருத்தத்தைக் கடந்து சென்றுவிடுகிறது.

நாகசுரம் கற்பது என்பது உதட்டையும் மூச்சையும் பழக்குவதாகும். கொறுக்கைத் தட்டையிலிருந்து செய்யப்படும் சீவாளி, உதட்டின் அழுத்தம் அறிந்தே பேசும். விரல் வைக்கும் துளைகள் 7. இடைப்பட்ட நுண்சுரங்களை மூச்சின் ஏற்ற இறக்கத்தாலும் விரலைச் சிறிதே விலக்கியும் பெறவேண்டும். பழைய முறையில் இளம் மாணாக்கர் குருவின் பின்னே நின்று ஒத்து ஊதுவர். ஒரே சுரத்தை அறுபடாமல் நிறுத்துவதே அவர்கள் பெற்ற பாடம். சுருதிப் பெட்டி வந்தபின் அந்தப் பாடமும் அருகிவிட்டது.

மேலைநாட்டுப் பிரெஞ்சுக் கொம்பும் இவ்வகையில் அயலானதன்று. ஏறக்குறைய 12 அடி நீளமுள்ள பித்தளைக் குழாயைச் சுருட்டி அமைத்த கருவி அது. இடக்கை விரல்கள் அடைப்பான்களை இயக்க, வலக்கை கொம்பின் அகன்ற வாய்க்குள் இருந்து ஒலியைத் திருத்தும். மேற்சுரங்கள் நெருங்கி நிற்பதால், உதடு சற்றே பிசகினும் அயற்சுரம் பிறந்துவிடும். ஆகவே, ஊதுமுன்னரே சுரத்தை மனத்தால் கேட்கப் பழகவேண்டும். எந்த நாட்டிலும் ஊதுகருவி உடனே கனிவதில்லை.

கொத்தமங்கலம் சுப்பு 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' நாகசுரக் கலைஞனை நாயகனாக்கிப் பெருமை செய்தது. 1968இல் ஏ. பி. நாகராஜன் அதனைப் படமாக்கினார். மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்புக்குக் கன்னமும் கழுத்தும் விரலும் இசைய நடித்தார் சிவாஜி கணேசன். வாசிப்பு ஓர் உடலுழைப்பு என்பதை அப்படம் கண்ணுக்குக் காட்டியது, அது பெருஞ்சாதனையே. ஆயினும் படத்தில் சண்முகசுந்தரம் வித்துவானாகவே நுழைகிறான். அவன் சினமும் மானமும் காதலும் விரிகின்றன; கற்ற காலம் விரிவதில்லை.

தி. ஜானகிராமனின் 'செய்தி' என்னும் சிறுகதையில், நாகசுரம் கேட்டு மேலைநாட்டு இசைஞர் ஒருவர் உருகி நிற்கிறார். அங்கும் நாம் காண்பது கனிந்த கலையையே. ஆனால் அவரே 'மோகமுள்' நாவலில் வேறு வழி சென்றார். ரங்கண்ணாவிடம் பாபு பெறும் பயிற்சியும் சுருதியுணர்வும் அந்நாவலின் உயிர்நாடிகள். வடக்கிலிருந்து வந்த பாடகர்களின் குரல்வளம் கேட்டுத் தன் குறையை உணர்கிறான் பாபு. வாய்ப்பாட்டுக்கு வாய்த்த அத்தகைய மாணாக்கன் நாகசுரத்துக்கும் வேண்டும்.

கதை என்ன இசைப் பாடநூலா என்று வினவுவோர் உண்டு. அன்றுதான். எனினும், பயிற்சியை மறைக்கும் கதை கலையைப் பிறப்புரிமையாக்கிவிடுகிறது. வித்துவான் வீட்டில் பிறந்தவனுக்கே அது வரும் என்ற எண்ணத்தை விதைக்கிறது. ஆந்திர மண்ணில் கலைக்குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானாவும் தஞ்சைப் பாணியைக் கைக்கொள்ள நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணாக்கராக அமர்ந்தார். பிறப்பு மட்டும் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மலேசியக் கோயில்கள் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் நாகசுரக் கலைஞரை வரவழைத்து வந்துள்ளன. அவர்கள் திரும்பும்போது கலையும் உடன் திரும்பலாகாது. இந்நாட்டு எழுத்தாளருக்கு இங்கே ஒரு கடமை உண்டு. மரம் சீவியவரின் பேரன் ஒருவன் சீவாளியை முதன்முதல் உதட்டில் வைக்கிறான், ஒலி பிளிறுகிறது, அயல்வீட்டார் முகம் சுளிக்கின்றனர், உதடு வீங்கிய பின்னும் மறுநாள் விடியலில் மீண்டும் ஊதுகிறான். இதில் நாடகம் இல்லையா? அச்சிறுவனைக் கதையில் சந்திக்கும் பிள்ளைகளுள் ஒருவனேனும் தானும் ஊதிப் பார்க்க விழைந்தால், அக்கதை தன் பணியைச் செய்ததாகும்.